சின்னச் சின்ன உலைகளைச் சேர்த்து ஒரே மின்நிலையம்: சிக்கல் உலையிலா, இணைப்பிலா?

புதுப்பயணி | திங்கள், காலை 10:14

வணக்கம். மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது, பம்ப் செய்யும் நிறுவனத்தில் வேலை. சிறு அணு உலைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை.

1000 மெகாவாட் உலை ஒன்றைக் கட்டுவதற்குப் பதிலாக 77 மெகாவாட் உலைகள் பன்னிரண்டை வரிசையாக வைக்கலாம் என்கிறார்கள். தொழிற்சாலையிலேயே செய்து லாரியில் ஏற்றிவந்து இறக்கிவிடலாமாம். சரி, ஒரு உலை நன்றாக வேலை செய்கிறது என்று நிரூபித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பதினொன்றையும் பக்கத்தில் வைத்துக் குழாயை இணைப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? கல்யாணச் சமையலில் பத்து அடுப்பு வைப்பதில்லையா? பத்து உலையும் தனித்தனியாகத்தானே கொதிக்கிறது?

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

ஹெடர்ராஜா | திங்கள், காலை 11:02

தம்பி, விறகடுப்பு என்றால் நீங்கள் சொல்வது சரி. பத்தும் ஒரே கேஸ் லைனில் இருந்தால் என்ன ஆகும் என்று சமையல்காரரைக் கேட்டுப் பாருங்கள். பத்தாவது அடுப்பைப் பற்றவைக்கும்போது முதல் அடுப்பின் ஜுவாலை தணியும். ஒன்றை அணைத்தால் மற்றவை சீறும்.

முப்பது வருடம் பாய்லர் பக்கம் இருந்தவன் நான். அணு உலை பார்த்ததில்லை. ஆனால் ஒரே நீராவி ஹெடரில், அதாவது எல்லாம் வந்து சேரும் பொதுக் குழாயில், பல பாய்லர்களைக் கட்டி ஓட்டியிருக்கிறேன். ஒரு சர்க்கரை ஆலையில் இரண்டு பாய்லர், ஒரே ஹெடர், 45 பார் அழுத்தம். இரண்டுக்கும் தனித்தனியாக அழுத்தக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஈரச் சக்கை வந்து முதல் பாய்லரில் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். இரண்டாவது அதைப் பார்த்துத் தீயைக் கூட்டும். அதற்குள் முதலாவதும் கூட்டியிருக்கும். இப்போது அழுத்தம் எகிறும், இரண்டும் சேர்ந்து குறைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். நடுவில் டிரம் லெவல் வேறு, அதாவது கொதிநீரும் ஆவியும் பிரியும் தொட்டியின் நீர்மட்டம். நீராவியை அதிகம் இழுத்தால் டிரம்மில் நீர் பொங்கி மட்டம் உயர்ந்தது போலக் காட்டும். கருவி ஏமாந்து தண்ணீரைக் குறைக்கும். கொஞ்ச நேரத்தில் மட்டம் தடாலென்று விழும்.

இரண்டு பாய்லரிலும் தனித்தனியாக ஒரு குறையும் இல்லை. சேர்த்ததுதான் கோளாறு. கடைசியில் ஒன்றை ஒரே லோடில் நிறுத்திவிட்டு, ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் மற்றதன் தலையில் போட்டோம். அதன்பிறகுதான் ஆட்டம் நின்றது.

கூழாங்கல் | திங்கள், மதியம் 12:47

ராஜா சார் சொன்னது அப்படியே பொருந்துகிற இடம் உலகத்தில் ஒன்று இருக்கிறது. சீனாவில் ஷான்டோங் மாகாணத்தின் ஷிடாவ் விரிகுடா. எச்டிஆர்-பிஎம் என்று பெயர். தலா 250 மெகாவாட் வெப்பம் தரும் இரண்டு உலைகள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே டர்பைன். வடிவமைப்புப்படி 210 மெகாவாட் மின்சாரம். 2012 டிசம்பரில் கட்டத் தொடங்கி, 2021 டிசம்பரில் கிரிட்டோடு (மின்வலையோடு) இணைத்து, 2023 டிசம்பரில் வணிக உற்பத்திக்கு வந்தது.

எரிபொருள் 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிராஃபைட் உருண்டைகளில் இருக்கிறது. ஓர் உலைக்குள் ஏறக்குறைய 4,20,000 உருண்டைகள். வெப்பத்தை அள்ளும் ஹீலியம் வாயு 250 டிகிரியில் உள்ளே போய் 750 டிகிரியில் வெளியே வருகிறது. ஒவ்வோர் உலைக்கும் தனியாக ஒரு ஹீலியம் ஊதி, தனியாக ஒரு நீராவி உற்பத்திக் கலன். அதுவரை தனிக்குடித்தனம். ஃபீட் வாட்டரும் (கலன்களுக்குப் போகும் தண்ணீர்) டர்பைனும்தான் கூட்டுக்குடும்பம்.

கூட்டுக்குடும்பத்தின் வேடிக்கையைக் கேளுங்கள். முதல் உலை ஏதோ காரணத்தால் ட்ரிப் ஆகிறது, அதாவது திடீரென்று தானே அணைகிறது. அதன் நீராவிக் கலனுக்குப் போகும் தண்ணீர் வால்வு மூடிக்கொள்கிறது. பொதுக் குழாயில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? அழுத்தம் கூடி, கட்டுப்பாடு விழித்துக்கொள்வதற்குள் இரண்டாவது கலனுக்குள் கொஞ்சம் அதிகமாகப் பாயும். அங்கே ஹீலியம் வழக்கத்தைவிடக் குளிர்ந்து உலைக்குத் திரும்பும். இந்த உலைகள் குளிர்ந்தால் திறன் கூடும், சூடானால் குறையும். பாதுகாப்புக்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆக, பக்கத்து உலை அணைந்ததால் இந்த உலையின் திறன் மேலே ஏறுகிறது! யாரும் எந்தக் கட்டுப்பாட்டுக் கோலையும் தொடவில்லை. அணுப் பிளவுக்கான செய்தி ஒரு தண்ணீர்க் குழாய் வழியாகப் போயிருக்கிறது.

இது ஆபத்தான அளவுக்குப் போகாது, திறன் கூடினால் சூடும் கூடித் தானே அடங்கிவிடும். ஆனால் டர்பைனுக்குப் போகும் நீராவியின் வெப்பநிலை சரியும். டர்பைனுக்கு அது பிடிக்காது.

ஹெடர்ராஜா | திங்கள், மதியம் 1:10

அருமை. ஒரு கேள்வி. அந்தக் கலனில் டிரம் உண்டா?

கூழாங்கல் | திங்கள், மதியம் 1:31

இல்லை சார். ஒரே ஓட்டம். ஒரு முனையில் தண்ணீர் போகும், மறுமுனையில் உலர்ந்த சூடான நீராவி வரும். சுருள் சுருளாகக் குழாய்கள்.

ஹெடர்ராஜா | திங்கள், மதியம் 1:48

அப்படியானால் கையிருப்பே இல்லை. டிரம் இருந்தால் அதில் உள்ள கொதிநீர் கொஞ்ச நேரம் தாங்கும், ஆபரேட்டருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இதில் கிடைக்காது.

அதைவிடப் பெரிய தலைவலி, இரண்டாவது உலையைத் தொடங்கும்போது. முதல் உலை முழு வேகத்தில் டர்பைனை ஓட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கலனில் முதலில் வெந்நீர் வரும், அப்புறம் ஈர நீராவி, பிறகுதான் சரியான நீராவி. அதுவரை அதை ஹெடரில் சேர்க்க முடியாது. ஈரத் துளி டர்பைன் இறக்கையில் பட்டால் சுத்தியலால் அடித்த மாதிரி. அதனால் பிரிப்பான், நீராவியை மறுபடி நீராக்கும் கண்டென்சருக்குத் திருப்பிவிடும் பைபாஸ் எல்லாம் ஒவ்வோர் உலைக்கும் தனியாக வேண்டும். அழுத்தமும் வெப்பநிலையும் ஹெடரோடு பொருந்திய பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும், அதுவும் மெதுவாக. பெட்டி பெட்டியாக வைப்பது எளிது என்று விற்பவர்கள் இந்தக் குழாய்க்காட்டைப் படத்தில் காட்டமாட்டார்கள்.

எண்ணிப்பார் | திங்கள், மாலை 4:20

கணக்குப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். ஓர் உலை எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்க 95 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் உதாரண எண்தான். பன்னிரண்டும் ஒரே நேரத்தில் ஓட 0.95-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 54 சதவீதம். அதாவது ஏறக்குறைய பாதி நேரம் ஏதாவது ஒன்றாவது நின்றிருக்கும். ஆனால் குறைந்தது பதினொன்று ஓட 88 சதவீதம், குறைந்தது பத்து ஓட 98 சதவீதம்.

பெரிய உலை என்றால் முழுசாக உண்டு அல்லது முழுசாக இல்லை. கூடங்குளத்தில் ஓர் அலகு ட்ரிப் ஆனால் 1000 மெகாவாட் அந்த நொடியே காணாமல் போகும். பன்னிரண்டில் ஒன்று போனால் கிரிட் கண்டுகொள்ளாது. சிறு உலைகளின் உண்மையான பலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அரைவேக்காடு | திங்கள், மாலை 5:05

குறுக்கே ஒரு கேள்வி, திட்டாதீர்கள். 2011-இல் இத்தாலியின் பொலோனியாவில் ஒரு கப்பல் கண்டெய்னருக்குள் நிறைய சின்னப் பெட்டிகளை அடுக்கி 1 மெகாவாட் வெப்பம் என்று காட்டினார்களே, நிக்கலும் ஹைட்ரஜனும் போட்டு? அதுவும் இந்தக் கதைதானே?

எண்ணிப்பார் | திங்கள், மாலை 5:32

அந்தக் கண்டெய்னர் சொன்ன அளவு வெப்பம் தந்தது என்று வெளியாள் யாரும் தனியாக அளந்து உறுதி செய்யவில்லை. ஒரு பெட்டி வேலை செய்கிறதா என்பதே கேள்வியாக இருக்கும்போது நிறையப் பெட்டிகளைக் கட்டினால் அளப்பதுதான் கடினமாகும். எல்லாப் பெட்டியின் நீராவியும் ஒரே குழாயில் கலந்து வருகிறது. அது உலர்ந்த நீராவியா, பாதி தண்ணீரா என்று தெரியாவிட்டால் வெப்பக் கணக்கு பல மடங்கு தவறிப்போகும். ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 வரை சூடாக்க 335 கிலோஜூல் போதும். அதையே முழுசாக ஆவியாக்க மேலும் 2257 வேண்டும். தண்ணீராகவே வெளியேறியதை ஆவி என்று எழுதிக்கொண்டால் கணக்கு ஏழரை மடங்குக்கும் மேல் ஊதிவிடும்.

அதை இங்கேயே விட்டுவிட்டு உலைக்கு வருவோம்.

உப்புக்குளியல் | திங்கள், இரவு 9:15

நான் அணுத் துறை இல்லை, கெமிக்கல். ஆனால் வெப்பம் கக்கும் ஆயிரக்கணக்கான சிறு உலைகளைச் சேர்த்து ஓட்டுவது எங்களுக்குத் தினசரி வேலை. தாலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளைச் செய்யும் உலையைப் பாருங்கள். பெருவிரல் பருமனில், மூன்று மீட்டர் நீளத்தில், பத்துப் பதினைந்தாயிரம் குழாய்கள். ஒவ்வொன்றிலும் வினையூக்கி மணிகள். உள்ளே ஆர்த்தோ சைலீனும் காற்றும் போகும், எரிகிற மாதிரி வெப்பம் வரும். வெளியே உருகிய உப்பு ஓடி அந்த வெப்பத்தை அள்ளும். ஒவ்வொரு குழாயும் ஒரு தனி உலைதான்.

புதுப்பயணி கேட்டதற்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பதில்: ஒரு குழாயில் ஆய்வகத்தில் கிடைத்த விளைச்சலைப் பதினைந்தாயிரத்திலும் எடுப்பதற்குத்தான் சம்பளம்.

வினையூக்கி நிரப்பும் வாரம் எனக்கு இன்னும் கனவில் வரும். ஒவ்வொரு குழாயாகக் காற்றை ஊதி அழுத்த இழப்பை அளப்போம். குறிப்பிட்ட வரம்புக்குள் இல்லையென்றால் உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். எதற்கு இந்தக் கூத்து? எல்லாக் குழாய்க்கும் மேலே ஒரே வாய், கீழே ஒரே வாய். எந்தக் குழாய் இறுக்கமோ அதில் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் வாயு உள்ளே அதிக நேரம் தங்கும், நமக்கு வேண்டிய பொருள் அதற்கு மேலும் எரிந்து கரியமில வாயுவாகிவிடும். அந்தக் கூடுதல் எரிப்பு இன்னும் சூடு. இதில் கொடுமை, வெப்பமானி இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய குழாய்களில் மட்டும். எந்தக் குழாய் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று மொத்தக் கணக்கைப் பார்த்தால் தெரியவே தெரியாது. சராசரி எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

கூழாங்கல் | திங்கள், இரவு 10:40

மேடம், இதே பேய் அணு உலைப் பக்கமும் இருக்கிறது. புதுப்பயணி சொன்ன 77 மெகாவாட் உலையை வடிவமைத்த அமெரிக்க நிறுவனம் நியூஸ்கேல். அதன் உலைக்குள்ளேயே நீராவிக் கலன் உண்டு. சுருள் குழாய்கள் நிறைய, எல்லாம் ஒரே வாயிலிருந்து பிரிந்து ஒரே வாயில் சேரும். குழாய்க்குள் தண்ணீர் கொதிக்கிறது. ஒரு குழாயில் கொதிப்பு கொஞ்சம் கூடினால் ஆவி அதிகம், ஆவிக்குத் தடை அதிகம், அதனால் தண்ணீர் வரத்துக் குறையும், வரத்துக் குறைந்தால் இன்னும் கொதிக்கும். அந்தத் தண்ணீர் பக்கத்துக் குழாய்க்குப் போகும். கொஞ்ச நேரத்தில் தலைகீழாக மாறும். மொத்த ஓட்டம் அசையாமல் நிற்க, உள்ளே குழாய்கள் ஒன்றுக்கொன்று எதிராக ஊசலாடும். அடர்த்தி அலை ஊசல் என்பார்கள். குழாய் உலோகம் சூடாகி ஆறி, சூடாகி ஆறித் தேயும்.

இதற்கு வைத்தியம் பழையது. ஒவ்வொரு குழாயின் நுழைவிலும் ஒரு சிறு துளைத் தடையை வைப்பது. கொதிப்பால் வரும் தடையைவிட நாம் வேண்டுமென்றே வைத்த தடை பெரிதாக இருந்தால் ஆட்டம் அடங்கும். விலை என்னவென்றால் பம்புக்கு வேலை கூடும்.

2023 ஜனவரியில் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் நியூஸ்கேலின் 50 மெகாவாட் வடிவமைப்புக்குச் சான்று கொடுத்தபோது மூன்று விஷயங்களைத் தீர்க்காமல் ஒதுக்கி வைத்தது. அவற்றில் ஒன்று நீராவிக் கலனின் இந்த நிலைத்தன்மைதான். பின்னால் 77 மெகாவாட் வடிவத்தோடு திரும்பப் போய் 2025 மே மாதம் ஒப்புதல் வாங்கினார்கள்.

புதுப்பயணி | செவ்வாய், காலை 8:05

ராத்திரி பூராவும் படித்தேன். நன்றி. நேற்று வரை எனக்குக் குழாய் என்றால் குழாய்தான்.

ஆனால் எண்ணிப்பார் அண்ணன் கணக்கில் ஒன்று உறுத்துகிறது. 0.95-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினீர்கள். அது ஒன்றின் கோளாறு மற்றதைத் தொடாது என்றால்தானே சரி? ஒரே கட்டடம், ஒரே கன்ட்ரோல் ரூம் என்றால்?

எண்ணிப்பார் | செவ்வாய், காலை 9:11

பிடித்துவிட்டீர்கள். அந்தப் பெருக்கல் தனித்தனியானவற்றுக்கு மட்டும்தான் செல்லும். பொதுவாக எதைப் பகிர்ந்தாலும் அது கணக்கை உடைக்கும். கட்டடம், மின்சாரம், கேபிள், புகைபோக்கி, ஆட்கள், மென்பொருள் எல்லாம் இதில் சேரும். இன்னொன்றும் உண்டு. ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதிரி செய்த பன்னிரண்டில் ஒன்றுக்கு வெல்டிங் குறை இருந்தால் பன்னிரண்டுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே மாதிரி செய்வதால் செலவு குறையும் என்பதும், ஒரே மாதிரி கெட்டுப்போகும் என்பதும் ஒரே நாணயத்தில்தான் வருகின்றன.

1975 மார்ச் 22, அமெரிக்காவின் அலபாமாவில் பிரவுன்ஸ் ஃபெரி. இரண்டு உலைகளின் கேபிள்களும் ஒரே அறை வழியாகப் போயின. சுவர் ஓட்டையில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க ஒரு தொழிலாளி மெழுகுவத்தியைக் காட்டினார். ஓட்டையை அடைத்திருந்த நுரைப்பஞ்சு பற்றிக்கொண்டது. ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கேபிள்கள் எரிந்து, இரண்டு உலைகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் உலையில் அவசரக் குளிர்விப்பு அமைப்பு செயலிழந்துபோனது. ஒரு மெழுகுவத்தி!

நெய்தல் | செவ்வாய், காலை 11:36

ஃபுகுஷிமாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 மார்ச் 15 அன்று நான்காவது உலைக் கட்டடம் வெடித்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த உலைக்குள் எரிபொருளே இல்லை, பராமரிப்புக்காக எல்லாவற்றையும் எடுத்துக் குளத்தில் வைத்திருந்தார்கள். பிறகு ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? மூன்றாவது உலையிலிருந்து. இரண்டுக்கும் பொதுவான புகைபோக்கிக்குப் போகும் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சமையல் புகை நம் வீட்டுக்குள் வருவது போல.

ஆனால் பகிர்வது எப்போதும் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. அதே வளாகத்தில் ஆறாவது உலையின் ஒரு டீசல் ஜெனரேட்டர் காற்றால் குளிர்வது, சுனாமியில் தப்பியது. அதிலிருந்து ஐந்தாவது உலைக்கும் மின்சாரம் கொடுத்தார்கள். இரண்டும் பிழைத்தன. குறுக்கு இணைப்பு இல்லாமல் இருந்திருந்தால் ஐந்தாவதும் போயிருக்கும்.

எனக்குப் பிடிபடாதது இதுதான். எதைப் பகிர வேண்டும், எதைப் பகிரக் கூடாது என்று ஒரு விதி எழுத முடியுமா?

ஹெடர்ராஜா | செவ்வாய், மதியம் 12:20

விதி தெரியாது. பழக்கம் தெரியும். சும்மா கிடக்கும்போது மூடி இருக்க வேண்டும், வேண்டும்போது மனிதன் கையால் திறக்க வேண்டும். அந்த டீசல் கேபிள் அப்படிப்பட்டது. அந்தப் புகைபோக்கிக் குழாய் அப்படிப்பட்டது அல்ல.

மாலுமி | செவ்வாய், மதியம் 2:55

கப்பல்காரன் என்ற முறையில் ஒரு பழைய உதாரணம். அமெரிக்கக் கடற்படையின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல், 1961-இல் பணிக்கு வந்தது. அதில் எட்டு அணு உலைகள். கப்பலைத் தள்ளும் விசிறிகளுக்கு நான்கு தண்டுகள், தண்டுக்கு இரண்டு உலை. சிறு உலைகளைக் கூட்டி ஓட்டுவதில் முதல் பெரிய அனுபவம் அதுதான். ஐம்பது வருடம் நன்றாக ஓடியது, குறை சொல்ல முடியாது.

ஆனால் அடுத்து வந்த நிமிட்ஸ் கப்பல்களில் எத்தனை உலை தெரியுமா? இரண்டே இரண்டு. கிட்டத்தட்ட அதே அளவு கப்பல். எட்டு உலை என்றால் எட்டு மடங்கு வால்வு, எட்டு மடங்கு பம்ப், அத்தனைக்கும் ஆள், அத்தனைக்கும் பயிற்சி. வேலை செய்யாததால் கைவிடவில்லை, பராமரித்து முடியாததால் குறைத்தார்கள் என்பது என் கருத்து.

கூழாங்கல் | செவ்வாய், மாலை 4:02

எதிர்த் திசையில் ஒரு கதை, நம்மூர் முடிச்சோடு. ரஷ்யாவில் பெலோயார்ஸ்க் மின்நிலையத்தின் பிஎன்-600 வேக ஈனுலை (ஃபாஸ்ட் பிரீடர்), 1980-இலிருந்து ஓடுகிறது. உலை ஒன்றுதான். நீராவிக் கலன்களைத்தான் துண்டு துண்டாக்கினார்கள், மொத்தம் 72 தொகுதிகள். காரணம், வெப்பத்தைச் சுமந்து வரும் உருகிய சோடியம். குழாய்ச் சுவரின் ஒரு பக்கம் சோடியம், மறு பக்கம் தண்ணீர். சின்ன ஓட்டை விழுந்தாலும் நெருப்புதான். தொகுதி சிறிதாக இருந்தால் கசிந்ததை மட்டும் வால்வு போட்டு ஒதுக்கிவிட்டு மற்றவற்றை ஓட்டலாம். தொடக்க வருடங்களில் அப்படிப் பன்னிரண்டு கசிவுகள் வந்தன. ஒதுக்கினார்கள், மாற்றினார்கள், உலை ஓடியது.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் அதே வேலைக்கு எட்டுக் கலன்கள் மட்டும். இரண்டு சுற்றுகள், சுற்றுக்கு நான்கு. துண்டு குறைந்தால் வெல்டிங் இணைப்புகள் குறையும், வால்வுகள் குறையும், ஆக ஓட்டை விழ வாய்ப்புள்ள இடங்களே குறையும் என்பது இந்தப் பக்கத்து வாதம். கசியும் என்று ஏற்றுக்கொண்டு கட்டுவது ஒரு வழி, கசியாமலே இருக்கும்படி கட்டுவது இன்னொரு வழி. எனக்கு இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது.

புதுப்பயணி | செவ்வாய், மாலை 6:30

பன்னிரண்டு உலைக்கு எத்தனை ஆபரேட்டர் வேண்டும்? ஆளுக்கு ஒன்று என்றால் செலவு எங்கேயோ போய்விடுமே.

எண்ணிப்பார் | செவ்வாய், இரவு 8:18

அதே பயம்தான் அவர்களுக்கும். நியூஸ்கேல் பன்னிரண்டுக்கும் ஒரே கன்ட்ரோல் ரூம் வைத்தது. ஆறு பேர் என்று தொடங்கி, பின்னால் மூன்று பேர் போதும் என்று காட்டி 2021-இல் ஆணையத்தின் ஒப்புதலையும் வாங்கியது. உலைகள் தானே குளிர்ந்துகொள்ளும், ஆபரேட்டர் அவசரமாக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது அடிப்படை வாதம். வாதம் வலுவானதுதான். ஆனாலும் பன்னிரண்டு ஒரே மாதிரித் திரைகளில் ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டு ஆறாவதின் பொத்தானை அழுத்துவது மனித இயல்பு. நம் அபார்ட்மெண்டில் பக்கத்து வீட்டு மீட்டரின் ஃபியூஸைப் பிடுங்கியவர்கள் கை தூக்குங்கள்.

எரிபொருள் மாற்றுவது இன்னொரு சுவாரசியம். பன்னிரண்டும் ஒரே பெரிய குளத்துக்குள் நிற்கின்றன. ஒன்றுக்கு எரிபொருள் மாற்ற வேண்டும் என்றால் அந்த முழு உலையையும் கழற்றி, கிரேனில் தூக்கி, தண்ணீருக்குள்ளேயே மற்ற உலைகளைத் தாண்டி ஒரு மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். சுமார் 700 டன். அந்த நேரம் மற்றப் பதினொன்றும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கிரேன் கையிலிருந்து நழுவினால் என்ன ஆகும் என்று பாதுகாப்பு ஆய்வில் தனியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். பெரிய உலையில் இப்படி ஒரு விபத்தை யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை.

நெய்தல் | செவ்வாய், இரவு 9:40

இவ்வளவு தொல்லைக்கும் விலையாவது குறைகிறதா?

எண்ணிப்பார் | செவ்வாய், இரவு 10:26

ஆலைக் கட்டுமானத்தில் ஒரு பழைய தோராயம் உண்டு, கெமிக்கல் ஆட்களுக்குத் தெரியும். அளவை இரட்டிப்பாக்கினால் செலவு இரட்டிப்பாகாது, அளவின் 0.6 அடுக்காகத்தான் ஏறும். அதைத் திருப்பிப் போட்டால், ஒரு பெரியதைப் பன்னிரண்டு சிறியதாகப் பிரித்தால் மொத்தச் செலவு 2.7 மடங்கு. அதைத் தொழிற்சாலைப் பழக்கத்தால் இறக்க வேண்டும். எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் 10 சதவீதம் குறையும் என்று தாராளமாக வைத்தாலும் பன்னிரண்டாவது உலையின் விலை முதலாவதில் 69 சதவீதம்தான். 2.7-ஐ இது ஈடுகட்டாது. நூற்றுக்கணக்கில் செய்தால் கதை மாறலாம். ஆனால் முதல் பன்னிரண்டை வாங்குபவர் யார்?

அமெரிக்காவின் ஐடஹோவில் நியூஸ்கேல் திட்டம் அங்கேதான் நின்றது. பன்னிரண்டு உலை என்று தொடங்கி ஆறாகக் குறைத்து, 462 மெகாவாட். ஒரு மெகாவாட்-மணி (1000 யூனிட்) மின்சாரம் 58 டாலர் என்று சொல்லிக்கொண்டிருந்தது 2023 ஜனவரியில் 89 ஆனது, கட்டுமான மதிப்பீடு 930 கோடி டாலர். அந்த நவம்பரில் கைவிட்டார்கள்.

உப்புக்குளியல் | புதன், காலை 7:50

0.6 விதியை இங்கே அப்படியே போடுவது கொஞ்சம் அநியாயம். சிறு உலை என்பது பெரிய உலையின் குட்டி நகல் இல்லை. நியூஸ்கேலில் உலைக் குளிர்விப்புக்குப் பம்பே கிடையாது, சூட்டில் தண்ணீர் தானே சுற்றுகிறது. நிறையச் சாமான் மிச்சம். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எண்ணிப்பார் | புதன், காலை 8:14

ஒப்புக்கொள்கிறேன். 2.7 மேல் வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூழாங்கல் | புதன், காலை 9:33

சிறியதாக இருப்பதன் நிஜ லாபம் அங்கேதான் இருக்கிறது. உலை நின்ற உடனே அணுப் பிளவு நிற்கும், ஆனால் கழிவுகளின் வெப்பம் 6 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். 3000 மெகாவாட் வெப்ப உலையில் அது 200 மெகாவாட்டை நெருங்கும், பம்ப் இல்லாமல் சமாளிப்பது பெரும்பாடு. 250-இல் 16 மெகாவாட் அளவுதான். மேற்பரப்பும் கனஅளவோடு ஒப்பிட்டால் அதிகம், சுவர் வழியாகவே வெளியேறிவிடும். ஷிடாவ் விரிகுடாவில் 2023-இல் இரண்டு உலைகளிலும் இதை நேரடியாகவே சோதித்தார்கள். தலா 200 மெகாவாட்டில் ஓடும்போது குளிர்விப்பை நிறுத்தினார்கள். அவசரக் குளிர்விப்பு எதுவும் இல்லாமல் தானே அடங்கின.

அதே ஆட்கள் அடுத்து ஆறு உலைகளை ஒரே டர்பைனில் கட்டும் வடிவத்தை வைத்திருக்கிறார்கள், 650 மெகாவாட். இரண்டிலேயே தண்ணீர்க் குழாய் வழியாகப் பேசிக்கொண்டவை, ஆறில் என்ன பேசுமோ.

புதுப்பயணி | புதன், காலை 10:20

அதைத்தான் கேட்க வந்தேன். ஆறில் ஒன்று ட்ரிப் ஆனால் மீதி ஐந்தும் திறனைக் கூட்டி இடத்தை நிரப்ப வேண்டுமா, அல்லது டர்பைனை இறக்கிவிடுவதா? ராஜா ஐயா என்ன செய்வீர்கள்?

ஹெடர்ராஜா | புதன், காலை 11:45

டர்பைனை இறக்குங்கள் தம்பி. ஐந்தும் அசையக் கூடாது. முதலில் நின்றுபோனதன் நீராவி வால்வும் தண்ணீர் வால்வும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, மூடியது உண்மையில் மூடித்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அதே சர்க்கரை ஆலையில் ஒருநாள் நிறுத்திய பாய்லருக்குள் ஆள் இறங்குவதாக இருந்தது. வால்வு மூடியாயிற்று, பலகை மாட்டியாயிற்று. பின்னோட்டத் தடுப்பு வால்வும் இருந்தது. இருந்தாலும் அந்தப் பக்கக் குழாயின் வடிகால் குழாயை ஒரு ஹெல்பர் தொட்டுப் பார்த்தான், சுட்டது. ஓடுகிற பாய்லரின் நீராவி இரண்டு வால்வையும் தாண்டிக் கசிந்து வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து இரண்டு வால்வு, நடுவில் திறந்த வடிகால், அந்த வடிகாலில் எதுவும் வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஆள் இறங்கலாம் என்று வைத்தோம்.

ஆறு உலை வைக்கும் இடத்தில் எப்போதும் ஏதாவது ஒன்று பழுதுபார்ப்பில் இருக்கும், பக்கத்தில் ஐந்து ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் பம்ப் ஆள்தானே? அடுத்த முறை உங்கள் பம்ப் எங்காவது பொது ஹெடரில் ஓடும் இடத்துக்குப் போனால், நின்றிருக்கும் பம்பின் வெளியேற்றக் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று இங்கே வந்து எழுதுங்கள்.

புதுப்பயணி | வெள்ளி, மாலை 7:12

போனேன் ஐயா. மூன்று பம்ப், ஒரே ஹெடர், ஒன்று நின்றிருந்தது. குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. தண்டைப் பார்த்தால் மெல்லப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது.